மாலை 4 மணிக்கு மேல்: வளரிளம் பிள்ளைகளுக்கான மனநலப் பகல் மையம்

மனநலப் பகல் மையத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். சுவரில் ஓவியங்கள், மேசையைச் சுற்றிப் பிள்ளைகள், மூலையில் ஒரு கேரம் போர்டு. மையம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டுமானால் மாலை 4 மணிக்குப் போய் வாசலில் நிற்கவேண்டும். எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருகிறார்கள், வந்தவரிடம் நர்ஸ் என்ன சொல்லி அனுப்புகிறார், பிள்ளையின் பையில் என்ன போகிறது, யாரும் வராத பிள்ளை எந்தப் பஸ்ஸில் ஏறுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள் என்று வைத்தால் மையத்தின் பங்கு 30 மணி. மீதி 138 மணி நேரமும் பிள்ளை வீட்டில்தான். அந்த 138-ஐ நினைத்துத் திட்டமிடாத மையம், எவ்வளவு நல்ல மனிதர்கள் நடத்தினாலும், பொழுதுபோக்கும் இடமாகத் தேய்ந்துவிடும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. டே கேர் என்றால் நம் ஊரில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இடம், அல்லது அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் சிறப்புப் பள்ளி. இங்கே பேசுவது வேறு பிள்ளைகளைப் பற்றி. ஒன்பதாம் வகுப்பு வரை நன்றாகப் படித்து, 15, 16 வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கி, புத்தகத்தை மூடிவைத்த பிள்ளை. இருமுனைக் கோளாறில் ஒரு மாதம் தூங்காமல் பேசித் தள்ளிவிட்டு, அடுத்த மாதம் படுக்கையை விட்டு எழாத பிள்ளை. ஓ.சி.டி. எனும், ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பும் கோளாறு முற்றி குளியலறையிலேயே 3 மணி நேரம் கை கழுவும் பிள்ளை. கடும் மனச்சோர்வில் கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை. இவர்களையும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் ஒரே அறையில் உட்காரவைப்பது இரு தரப்புக்கும் அநியாயம். 40 வயதுக்காரர்கள் வரும் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதும் தவறு. 20 வருடமாக நோயோடு இருப்பவரைப் பக்கத்தில் பார்க்கும் 16 வயதுப் பிள்ளை, ‘நானும் இப்படித்தான் ஆவேனா’ என்று வாய் திறக்காமலே நினைத்துக்கொள்ளும்.

வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம். வார்டில் சேர்த்தால் பள்ளி, தெரு, சிநேகிதர்கள் எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும் என்று பெரியவர்களுக்கு யோசித்தது 1930-களின் மாஸ்கோவில். 1946-இல் லண்டனிலும் மான்ட்ரியாலிலும் பகல் மருத்துவமனைகள் திறந்தன. இந்தியாவில் இந்த எண்ணம் வேறு வழியில் வளர்ந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இல் தொடங்கியபோதே குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். குடும்பத்தை உள்ளே கொண்டுவருவதுதான் நம் நாட்டின் பலம். பகல் மையம் அதைக் கைவிட்டு, பிள்ளையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் திருப்பிக் கொடுக்கும் இடமாக ஆகக்கூடாது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்கான சூழலில் மட்டும் என்கிறது அதன் 87-ஆவது பிரிவு. சேர்த்தால் 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும், பெரியவர்களோடு கலந்து வைக்கக்கூடாது. அப்படியானால் வார்டுக்கு வெளியே வசதி இருந்தாகவேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் அது இல்லை என்பதுதான் வேதனை.

சேர்க்கும்போது

எல்லாப் பிள்ளையும் பகல் மையத்துக்கு ஏற்றவர் அல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருந்து, இரவில் கூட இருந்து பார்க்க ஆளில்லாத பிள்ளைக்கு வார்டுதான் பாதுகாப்பு. மேனியாவின், அதாவது தூக்கமே இல்லாத அளவுமீறிய உற்சாகத்தின், உச்சத்தில் இருக்கும் பிள்ளை 15 பேர் இருக்கும் அறையின் சத்தத்தில் இன்னும் கொதிக்கும். தூக்கம் 5, 6 மணி நேரத்துக்கு வந்தபிறகு கூப்பிடலாம். சாப்பாட்டை மறுத்து எடை மோசமாகக் குறைந்த பிள்ளைக்கு முதலில் நாடித்துடிப்பு, ரத்தத்தில் உப்புகள் எல்லாம் சீராகவேண்டும். இன்னொன்று: சில நாள்களுக்குள் திடீரென்று குழம்பிப்போய், கூடவே வலிப்பு, காய்ச்சல், வாய் கோணுவது, பேச்சு நின்றுபோவது ஏதாவது இருந்தால் அது மூளை அழற்சியாக இருக்கலாம். அந்தப் பிள்ளை போகவேண்டியது நரம்பியல் மருத்துவரிடம், அன்றைக்கே.

முதல் பேட்டிக்கு 2 மணி நேரமாவது ஒதுக்கவேண்டும். பெற்றோரோடு சேர்த்து ஒரு முறை, பிள்ளையோடு தனியாக ஒரு முறை. தனியாகப் பேசத் தொடங்கும் முன்பே எதை ரகசியமாக வைக்கமுடியாது என்று சொல்லிவிடவேண்டும்: உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்வோம், பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். இதைச் சொல்லாமல் ‘என்கிட்ட எதுவேணா சொல்லலாம்மா’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் எழுதினால், அந்தப் பிள்ளை இனி எந்த மருத்துவரையும் நம்பாது.

போய்வரும் தூரத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அந்தப் பிள்ளை மூன்றாவது வாரம் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகள் நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம். அப்பாவின் பைக் மட்டுமே வழி. அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறினால் மையம் நின்றது. அதனால் சேர்க்கிற அன்றைக்கே இரண்டாவது வழி ஒன்றை எழுதி வைக்கவேண்டும். சித்தியா, பக்கத்துத் தெருப் பிள்ளையின் அம்மாவா, எந்த நம்பர் பஸ் என்பது வரைக்கும்.

முதல் நாளே முழு நாள் உட்காரவைப்பதும் தவறு. 8 மாதம் அறைக்குள் கிடந்த பிள்ளைக்கு 6 மணி நேரம் மனிதர்கள் நடுவில் இருப்பது பெரிய பாரம். முதல் 3 நாள் 2 மணி நேரம், அடுத்த வாரம் மதியச் சாப்பாடு வரை, மூன்றாவது வாரம் முழு நாள் என்று போனால் பிள்ளை தொடர்ந்து வரும். அம்மா முதல் வாரம் கூடவே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது வாரம் வராந்தா, மூன்றாவது வாரம் வாசல்.

அறையும் ஆள்களும்

ஒரு நேரத்தில் 12-லிருந்து 15 பிள்ளைகள். அதற்கு மேல் போனால் யார் பேசாமல் ஒதுங்கியிருக்கிறார்கள் என்பது கண்ணில் படாது. 4 பிள்ளைக்கு ஒரு ஆள் வீதம் எப்போதும் தளத்தில் இருக்கவேண்டும். அலுவலக அறையில் பதிவேடு எழுதுகிறவரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நர்ஸ், உளவியலாளர், சமூகப்பணியாளர், தொழில்சார் சிகிச்சையாளர், பள்ளிப் பாடம் எடுக்கத் தெரிந்த ஒருவர், வாரம் இரண்டு நாளாவது மனநல மருத்துவர். இதில் முதலில் வெட்டப்படுவது ஆசிரியர். வெட்டக்கூடாதவரும் அவரே, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கழிவறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கவேண்டும். பினாயில், ஆசிட் பூட்டின அலமாரியில். கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது. பென்சில் ஷார்ப்னரை மறந்துவிடுகிறார்கள். அதன் ஸ்க்ரூவைக் கழற்றினால் கையில் பிளேடு. சுவரில் பொருத்தும், கைப்பிடி சுற்றும் ஷார்ப்னர் ஒன்று போதும்.

தளர்ந்துபோய் தனியாக இருக்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு அமைதி அறை தேவை. பாய், தலையணை, மின்விசிறி, மங்கலான விளக்கு. அதன் கதவில் பூட்டு இருக்கவே கூடாது. தனிமைச் சிறைபோல் அடைத்துவைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு தடுக்கிறது. ‘கொஞ்ச நேரம் உள்ளே போட்டு வைங்க’ என்ற பேச்சு ஊழியர் வாயில் ஒருமுறை வந்துவிட்டால் அந்த அறை தண்டனை அறையாகிவிடும். அப்புறம் எந்தப் பிள்ளையும் தானாக அங்கே போகாது.

பிள்ளை கொந்தளிக்கும்போது பேசுகிறவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் மீதிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகவேண்டும். இரண்டு கை தூரம் விட்டு, கதவை மறிக்காமல், சற்றுப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளையிடம் ‘அப்படி எதுவுமே இல்ல’ என்று வாதாடவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. ‘உனக்குக் கேக்குது. எனக்குக் கேக்கல. பயமா இருக்கா?’ என்று கேட்டால் பேச்சு பயத்தின் பக்கம் திரும்பும். பயத்துக்கு நம்மால் ஏதாவது செய்யமுடியும். சிலருக்கு ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் குரல் தணியும், சிலருக்குத் தானே மெல்ல முணுமுணுத்தால் தணியும். எது எந்தப் பிள்ளைக்கு என்று கண்டுபிடித்து வீட்டுக்கும் சொல்லி அனுப்பவேண்டும்.

உப்புமா

பகல் மையத்தில் நடக்கும் வேலைகளில் எது உண்மையில் பிள்ளையை நகர்த்துகிறது என்று கேட்டால் சமையலறையைத்தான் காட்டுவேன். மனச்சிதைவு நோய் வந்த பிள்ளைக்கு மாத்திரையில் குரல் அடங்கலாம். ஒரு வேலையைப் படிப்படியாக மனதில் நிறுத்தி முடிக்கும் திறன் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மாத்திரை அதற்குப் பெரிதாக உதவவும் உதவாது. அதை உப்புமா கிண்டும்போது கண்ணெதிரே பார்க்கலாம்.

1 டம்ளர் ரவை, இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு வெங்காயம், 2 பச்சை மிளகாய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. ரவையை வறுத்துத் தட்டில் கொட்டுவது வரை பிரச்சினை இல்லை. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும் இடத்தில் பிள்ளை நின்றுவிடும். பருப்பு கருகும் முன் வெங்காயம் போடவேண்டும், அதே நேரத்தில் தண்ணீர் அளந்தாச்சா என்று நினைவு வரவேண்டும், சத்தமும் புகையும் வேறு. கையில் வெங்காயத் தட்டோடு அப்படியே நிற்கும். பக்கத்தில் இருப்பவர் ‘போடு, போடு, கருகுது’ என்று கத்தினால் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடும், மறுநாள் சமையலறைப் பக்கம் வராது.

வழி எளிது. எல்லாவற்றையும் அளந்து, வெட்டி, வரிசையாகக் கிண்ணங்களில் வைத்தபிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பது. வேலையை 6 அட்டைகளில் படமும் ஒரு வரியுமாக எழுதிச் சுவரில் தொங்கவிடுவது. ஒன்று முடிந்ததும் பிள்ளையே அந்த அட்டையைத் திருப்பிவிடவேண்டும். பிள்ளை நின்றுவிட்டால் மனதுக்குள் 10 வரை எண்ணிக் காத்திருப்பது. அதற்குப் பிறகும் நகராவிட்டால் ‘அடுத்த அட்டை என்ன சொல்லுது?’ என்று மட்டும் கேட்பது. விடையைச் சொல்லிவிடக்கூடாது. வாரம் இரண்டு முறை, அதே உப்புமா. நான்காவது, ஐந்தாவது முறை அட்டையைத் திருப்ப மறந்து பிள்ளை அடுத்த வேலைக்குப் போகும். அந்த நாளைக் குறித்து வைக்கவேண்டும். இனி அட்டை வேண்டாம், இனி அதே உப்புமாவை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒன்றுதான்: அடுப்படியில் நிற்கலாம், கரண்டியை வாங்கக்கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் காகித உறை ஒட்டுவது, மெழுகுவத்தி ஊற்றுவது, சாம்பிராணி உருட்டுவது. பெரியவர்களுக்கான மையங்களிலிருந்து அப்படியே எடுத்துவந்த பழக்கம் இது. 16 வயதுப் பிள்ளையின் வேலை படிப்பு. அதன் வயதுப் பிள்ளைகள் பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்கும்போது இதற்குக் கவர் ஒட்டக் கொடுத்தால், உன் வாழ்க்கை இவ்வளவுதான் என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஆசிரியரை வெட்டாதீர்கள் என்றது இதனால்தான். படிப்பு முதல் வாரம் 10 நிமிடமாக இருக்கட்டும், வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு வகுப்பு கீழே இறங்கி, தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கவேண்டும்.

பள்ளிக்குத் திரும்ப முடிகிறவர்களுக்கு முதலில் ஒரு பீரியட், பிடித்த பாடம், கதவோரம் இடம், விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆசிரியர். ‘எங்க போயிருந்தே?’ என்று முதல் நாளே கேட்பார்கள். பதிலை மையத்திலேயே பேசிப் பழகவேண்டும்: ‘உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப தேவல.’ அதற்கு மேல் சொல்வது பிள்ளையின் விருப்பம். திரும்ப முடியாதவர்களுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் 5 வருடம், தேர்வெழுத 9 வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். நோய் நடுவில் திரும்பினாலும் அதுவரை தேறிய பாடங்கள் நிற்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் உண்டு. 40 சதவீதப் பாதிப்பு என்ற சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். சான்று வாங்கினால் கல்யாணம் நடக்காது என்று வீடு தயங்கும். அவசரப்படுத்தாமல், பரீட்சைக்கு ஒரு வருடம் முன்பே பேச்சைத் தொடங்கினால் முடிவெடுக்க நேரம் இருக்கும்.

மாத்திரை

பகல் மையத்தின் நர்ஸுக்கு டாக்டரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பிள்ளையை நாளுக்கு 6 மணி நேரம் பார்க்கும் வாய்ப்பு. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது முக்கியம்.

குரலை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் அல்லது ரிஸ்பெரிடோன் மருந்தைப் புதிதாகத் தொடங்கிய முதல் சில நாள்களில், குறிப்பாகப் பையன்களுக்கு, கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடித்து வெளியே தள்ளும். பார்க்கிற பாட்டி ‘சாமி வந்துடுச்சு’ என்பார், அல்லது பேய் என்று விபூதி தேடுவார். இது மருந்தின் விளைவு. பக்கத்து மருத்துவமனையில் புரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். மருந்து தொடங்கும் நாளிலேயே, எந்த மருந்து, இப்படி வந்தால் எங்கே போவது என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுக்கவேண்டும். சொல்லாமல் விட்ட வீட்டில் அந்த ஒரு இரவோடு மாத்திரை நின்றுபோகும்.

இதே மருந்துகளின் இன்னொரு விளைவு கால் பரபரப்பு. பிள்ளை உட்காராது, அறையை அளந்துகொண்டே இருக்கும், எரிந்து விழும். நோய் கூடிவிட்டது என்று மருந்தைக் கூட்டினால் பரபரப்பும் கூடும். ‘இந்தத் தவிப்பு மனசுலயா, கால்லயா?’ என்று கேளுங்கள். கால் என்று சொன்னால் உடனே டாக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். தாங்கமுடியாத நிலையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட இதிலிருந்து வரும்.

ரிஸ்பெரிடோன் சில பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும், சிலருக்கு மார்பில் பால் கசியும். பிள்ளை பயந்துபோய் மறைக்கும். அம்மா வேறு எதையோ நினைத்துக் கலங்குவார். பையன்களுக்கு மார்பு வீங்கும். டி-ஷர்ட் போடாமல் எப்போதும் தளர்ந்த சட்டையோடு, முதுகைக் கூனிக்கொண்டு வரும் பையன் மாத்திரையைத் துப்புகிறான் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். வேறு மருந்துக்கு மாற்ற வழி உண்டு, ஆனால் கேட்டால்தான் தெரியும். பையனிடம் ஆண் ஊழியர் கேட்கட்டும், பெண் பிள்ளையிடம் நர்ஸ் அக்கா கேட்கட்டும்.

எடையை வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில் சாப்பாட்டுக்கு முன், செருப்பில்லாமல் எடுக்கவேண்டும். அதே வகை மருந்தான ஓலன்சபின் சாப்பிடும் பிள்ளைக்குப் பசி அடங்கவே அடங்காது. தொடக்க எடையில் 5 சதவீதம் கூடிவிட்டால், அதாவது 50 கிலோ பிள்ளை இரண்டரைக் கிலோ போட்டால், டாக்டரிடம் பேசவேண்டிய நேரம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் தொடக்கத்தில் ஒருமுறை, 3 மாதத்தில் ஒருமுறை. மையத்தின் டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவது நாளைக்கே செய்யக்கூடியது.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு நம் ஊர் சித்திரை வெயில் ஆபத்து. வியர்த்து, தண்ணீர் குறைந்து, ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். வயிற்றுப்போக்கு, ரமலான் நோன்பு, மாலை போட்டு விரதம் எல்லாமே முன்கூட்டி டாக்டருக்குச் சொல்லவேண்டியவை. பல்வலிக்கும் பீரியட்ஸ் வலிக்கும் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவையும் லித்திய அளவை ஏற்றும், பாரசிட்டமால் போதும். ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டு எடுத்த ரத்தம் வீண். கை நடுக்கம் கூடி, வாந்தி வந்து, பேச்சு குழறினால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனை.

குளோசபின் மற்ற மருந்துகள் கேட்காதபோது தருவது. முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை, காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே பரிசோதனை, மலச்சிக்கலை அலட்சியம் செய்யாமல் தினமும் கேட்பது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய் மாத்திரையை மறந்துவிட்டு வந்த பிள்ளைதான் பெரிய கவலை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏறவேண்டும். திரும்பி வந்த முதல் காலையில் அட்டையை வாங்கி மாத்திரையை எண்ணுங்கள்.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் வால்ப்ரோயேட் வயிற்றில் வளரும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். வளரிளம் பெண் பிள்ளைக்கு அது தேவைதானா என்று டாக்டரிடம் பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. ‘கல்யாணம் பண்ணிவச்சா சரியாயிடும்’ என்று 17 வயதில் மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இன்னும் உண்டு. நோய் அதனால் போகாது, பிள்ளையின் பாதுகாப்புதான் போகும். 18-க்குக் கீழ் அது குற்றமும்கூட. பேசிப் பார்த்து நிற்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

மாத்திரையைக் காபியில், தயிர்ச்சோற்றில் கலந்து கொடுக்கும் அம்மாக்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் ஒருநாள் பிள்ளை கண்டுபிடிக்கும். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகமே நோயாக இருக்கும் பிள்ளைக்கு அன்றோடு வீட்டுச் சாப்பாடும் விஷமாகிவிடும். மையத்தில் மதிய வேளைக்கு மாற்றி, நர்ஸ் கையால், எல்லோர் முன்னும் காட்டாமல் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்ல இடைவழி.

வீட்டின் 138 மணி நேரம்

1970-களில் லண்டனில் செய்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின. குறைசொல்லும் பேச்சும் எரிச்சலும் மிகுந்த வீட்டில், நோயாளியும் வீட்டாரும் முகத்துக்கு முகம் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், மனச்சிதைவு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. பிறகு சண்டிகரில் பார்த்தபோது நம் குடும்பங்களில் அந்தக் குறைசொல்லும் பேச்சு லண்டனைவிடக் குறைவாக இருந்தது. பகல் மையம் இந்த இரண்டையும் தொடுகிறது: முகத்துக்கு முகம் இருக்கும் நேரத்தைக் குறைக்கிறது, அம்மாவுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. மாலையில் களைப்பில்லாத அம்மா கதவைத் திறப்பதே பாதி சிகிச்சை.

மாதம் இரண்டு முறை ஞாயிற்றுக்கிழமையில் குடும்பக் கூட்டம் வைக்கவேண்டும். வார நாளில் வைத்தால் அப்பாக்கள் வரமாட்டார்கள். பாட்டி, தாத்தாவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மாத்திரை தொடர்வதும் நிற்பதும் பல வீட்டில் அவர்கள் சொல்லில்தான் இருக்கிறது. இரவு மாத்திரையின் மயக்கத்தில் காலை 10 மணி வரை தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதுதான் பல சண்டைகளுக்குத் தொடக்கம். டாக்டரைக் கேட்டு மாத்திரையை இரவு 10 மணியிலிருந்து 8 மணிக்கு நகர்த்தினாலே பாதிச் சண்டை தீரும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவேண்டும். ‘குளிச்சிட்டு, துணி மடிச்சு, சாப்பிட வா’ என்பது மூன்று வேலை.

தினமும் ஒரு 40 பக்க நோட்டு வீட்டுக்கும் மையத்துக்கும் போய்வரவேண்டும். நான்கு வரி போதும்: தூங்கிய நேரம், மாத்திரை, சாப்பாடு, நன்றாக நடந்த ஒன்று. இது மெல்ல மெல்லப் புகார்ப் புத்தகமாகிவிடும், கவனம். ‘நேற்று தட்டை வீசினான்’ என்று தொடர்ந்து எழுதினால் பிள்ளை ஒருநாள் நோட்டைக் கிழித்துப்போடும், கிழிப்பது நியாயமும்கூட. எழுதுவதை எல்லாம் பிள்ளை படிக்கலாம், கடைசி வரியைப் பிள்ளையே எழுதலாம் என்று வைத்தால் நோட்டு பிழைக்கும். புகார் இருந்தால் போனில் பேசிக்கொள்ளலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைத் தடுக்கவேண்டாம். போகட்டும், மாத்திரையோடு போகட்டும். ஏர்வாடி தர்காவிலேயே மருந்தையும் துவா எனும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் நடந்திருக்கிறது. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்பமுடியாமல் இறந்தார்கள், 28 பேர். எங்கே போனாலும் கட்டிவைக்கக்கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு அதை முழுமையாகத் தடைசெய்கிறது.

கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் விஷயத்தில் மையத்துக்குள் ஒரு விதி: எப்படிச் செய்தேன் என்று குழுவில் பேசக்கூடாது, எதனால் வலித்தது என்று பேசலாம். ஒருவரைப் பார்த்து மற்றவர் தொடங்குவது இந்த வயதில் உண்மையான ஆபத்து. புதுத் தழும்புகளை மூடிக்கொண்டு வரட்டும். பிள்ளைகளே தொடங்கும் வாட்ஸ்அப் குழுவைத் தடுக்கமுடியாது, ஆனால் இரவு 11 மணிக்கு ஒரு சிநேகிதி ‘போறேன்’ என்று செய்தி அனுப்பினால் என்ன செய்வது என்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க முடியும்: தனியாகச் சமாளிக்காதே, உன் வீட்டுப் பெரியவரை எழுப்பு, 14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்ற அந்த எண் இரவும் பகலும் தமிழில் கிடைக்கும். வீட்டில் பூச்சிமருந்து, எலி மருந்து, பாட்டியின் சர்க்கரை மாத்திரை உள்பட எல்லா மருந்தும் பூட்டுக்குள். சாவி ஒருவரிடம். ‘என்னை நம்பலையா?’ என்று பிள்ளை கேட்கும். ‘உன்னை நம்புறோம், அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் நம்பல’ என்று சொல்லலாம்.

முடிக்கும் தேதியைச் சேர்க்கும்போதே பேசிவிடவேண்டும், 6 மாதம் அல்லது 9 மாதம் என்று. தேதி இல்லாவிட்டால் மையம் பிள்ளைக்கு வசதியான ஒளிவிடமாகிவிடும், வெளியே போக மனமே வராது. கடைசி 2 மாதம் 5 நாளை 3 ஆக்கி, பிறகு 1 ஆக்கி, விடுபட்ட நாள்களைப் பள்ளியோ டைப்ரைட்டிங் வகுப்போ நிரப்பவேண்டும். நோய் திரும்பும்போது முதலில் என்ன மாறும் என்பதைப் பிள்ளையும் வீடும் சேர்ந்து எழுதட்டும்; ஒரு பிள்ளைக்கு அது தூக்கம், இன்னொரு பிள்ளைக்குச் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது. 18 முடிந்தால் பெரியவர்கள் பிரிவு. டாக்டர் மாறுவார், கோப்பு மாறும், பல பிள்ளைகள் இந்த இடைவெளியில்தான் தொலைகிறார்கள். பிறந்தநாளுக்கு 3 மாதம் முன்பே மையத்தின் சமூகப்பணியாளர் பிள்ளையோடு புதிய பிரிவுக்கு இரண்டு முறையாவது கூடப் போகவேண்டும். சுருக்கக் குறிப்பு 2 பக்கத்துக்கு மேல் வேண்டாம், தமிழில் ஒரு பிரதி பிள்ளையின் கையில். அதில் எந்த மருந்து எந்த அளவில் கேட்டது என்பதோடு, எது கேட்கவில்லை, எது ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் நிறுத்தினோம் என்பதையும் எழுதுங்கள். புது டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.